சர்க்கார் செலவில் நீ ஆடப்போகும் நாடகம்

மக்கா,

மேலே உன் பேரை எழுதவில்லை. கீழே என் பேரையும் எழுதப் போவதில்லை. எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் பார்த்தால் காதைத் திருகுவாள். ஆனால் இது யார் கையில் சிக்கினாலும், எவளோ ஒரு கிறுக்கி எவனுக்கோ எழுதியது என்று போக வேண்டும். சுயம்பு மாமன் கருப்பட்டி வண்டியோடு நாகர்கோவிலுக்கு வருகிறான். உன் கையில்தான் கொடுப்பான், கம்பெனி மேனேஜர் கையில் கொடுக்க மாட்டான். படித்ததும் அடுப்பில் போடு. எதையும் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொள்கிற புத்தி உனக்கு உண்டு, இதை வைக்காதே. நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நீ சுகமா என்று கேட்டு எழுத எனக்கு இப்போது பொறுமை இல்லை. நம் பெரிய கோயிலில் கொடியேற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. ஐந்தாம் திருவிழாவுக்கு உன் கம்பெனி நாடகம். அதற்கு நீ வரக் கூடாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், மற்றதெல்லாம் உன்னைச் சம்மதிக்க வைப்பதற்காகச் சொல்வது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். சந்தையில் தெரிந்தது. கருப்பட்டிக் கடவப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்கிறேன், மீன்காரி மிக்கேலம்மாள் ஆலமரத்தடியில் நின்றுகொண்டு என்னைக் கையாட்டிக் கூப்பிடுகிறாள். நீ குழந்தையாக இருந்தபோது உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவாளே, அவள்தான். மரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. திருவிழாவை முன்னிட்டு, சர்க்கார் உத்தரவுப்படி, இலவச நாடகம் என்று பெரிய எழுத்தில் போட்டு, நடுவில் ஒரு ராணியின் படம். அவள் அந்தப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏட்டி, ஒன் படத்தை எதுக்கு இதுல போட்டிருக்கு?” என்றாள். நான் சிரித்துக்கொண்டே, எனக்கு ராணியாகும் யோகம் இப்போதுதான் வந்திருக்கிறதாக்கும் என்று கிட்டே போனேன். போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. புடவை கட்டி, பொட்டு வைத்து, நகை போட்டு, என் முகத்தை வைத்துக்கொண்டு நீ நிற்கிறாய்.

உன்னைப் பெற்றவள் நான். உன் முகம் என் முகம் மாதிரி என்று எல்லாரும் சொல்வதுதான். மீசை அரும்பிய பிறகு அது கொஞ்சம் மறைந்தது, அப்பா ஜாடை வந்துவிட்டது என்று நானே நினைத்தேன். மீசையை மழித்து மை தீட்டினதும் அப்பா ஜாடை எல்லாம் ஓடிவிட்டது. நெற்றி, மூக்கு, தாடையில் விழுகிற குழி, எல்லாம் நான். கல்யாணத்தன்று என்னைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் உயிரோடு இருக்கிறார்கள். மிக்கேலம்மாளுக்கு விஷயம் விளங்க நேரம் ஆகவில்லை. மீன் பொதிய காகிதம் எடுப்பவள் போல அந்த நோட்டீஸைக் கிழித்து, நெத்திலியைப் பொதிந்து கூடையில் போட்டுக்கொண்டாள். ஆனால் அவள் எத்தனையைக் கிழிப்பாள்? கருங்கல் சந்தையிலும் ஒட்டியிருக்கிறார்களாம். அன்றிலிருந்து நான் சந்தைக்குப் போகவில்லை. கருப்பட்டியைச் சுயம்புதான் கொண்டுபோகிறான். வாசலில் யாராவது அயலார் வந்தால் முந்தானையைத் தலையோடு இழுத்துவிட்டுக்கொள்கிறேன். புது மணப்பெண் மாதிரி இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

நீ கம்பெனிக்கு ஓடிப்போனதற்கு நான் உன்னைத் திட்டியதில்லை, இப்போதும் திட்டவில்லை. வட்டக்கோட்டை மதில் மேல் ஏறி நின்றுகொண்டு, காற்றோடு போட்டி போட்டுக் கத்திப் பாடிக்கொண்டிருந்த பயல், பனை ஏறி அக்கானி இறக்கிக்கொண்டு இருப்பான் என்று நான் எப்படி நம்பியிருப்பேன்? நீ போன பிறகு, நெற்றியில் நம் நிழல்தாங்கலில் இடுகிற நாமத்தை அழித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டாய் என்று கேள்விப்பட்டேன். மதுரைப் பக்கத்துப் பையன் என்று சொல்லிக்கொண்டாய், கோயிலுக்குள் போகிற சாதி என்று சொல்லிக்கொண்டாய். அப்படிச் சொல்லாவிட்டால் கம்பெனிச் சாப்பாட்டுப் பந்தியில் உன்னை உட்கார விட மாட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது, ஆனாலும் பிள்ளை பட்டினியில்லாமல் இருக்கிறானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மதுரையிலும் தஞ்சாவூரிலும் நீ யாராக வேண்டுமானாலும் இரு. அங்கே என் முகத்தைப் பார்த்தவர் யாரும் கிடையாது. இங்கே இருக்கிறார்கள் மக்கா.

இந்த வருஷம் நாடகம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியுமோ என்னவோ. நம் பெரிய கோயில் சர்க்கார் கோயில். விளக்கு எண்ணெயிலிருந்து யானைக்குத் தென்னை ஓலை வரைக்கும் சர்க்கார் செலவு. நாதசுரமும் கதகளியும் பாட்டுக் கச்சேரியும் வருஷா வருஷம் சர்க்கார் கொடுக்கிற படியில் நடப்பவை. திருவனந்தபுரத்திலிருந்து புதிதாக வந்திருக்கிற அதிகாரிக்குத் தமிழ் நாடகத்தில் ஆசையாம். கூட்டம் சேர வேண்டும், ஜனங்கள் சந்தோஷப்பட வேண்டும், அதற்காகச் சர்க்கார் கொஞ்சம் கூடச் செலவழித்தால் குற்றமில்லை என்று சொல்லிவிட்டாராம். நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது. அவர் சொன்ன ஜனங்களில் நாம் இல்லை என்பது அவருக்குத் தோன்றியே இருக்காது. நாகர்கோவில் கொட்டகையில் காசு கொடுத்தால் தரை டிக்கெட்டில் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம். சர்க்கார் சும்மா போடுகிற ஆட்டத்தை மட்டும் நாம் பார்க்கக் கூடாது. தேரோடும் வீதிக்கு முன்னால் ஒரு கல் நட்டிருக்கிறதே, அதைத் தாண்டக் கூடாது. குளத்தங்கரையில் நின்று காதால் கேட்டுக்கொள்ளலாம், அதுவும் காற்று நம் பக்கம் வீசினால்.

உன் அப்பாவுக்கு இது ஒன்றுதான் வாழ்க்கையில் ஆறாத புண். பனைவிளைக்கு நாம் கரம் கெட்டுகிறோம், கெட்டிய வரி சர்க்காருக்குப் போகிறது, சர்க்கார் அதை எடுத்துக் கச்சேரி வைக்கிறது, பிறகு எனக்கு அதில் ஒரு பாட்டு இல்லையா என்பார். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தாசில்தாரைப் பார்க்கப் போனார். கோயிலுக்குள் விட வேண்டாம், அதே கச்சேரியில் ஒரு நாளை வெளி மைதானத்தில் வையுங்கள், எல்லாரும் கேட்கட்டும் என்று கேட்டாராம். தாசில்தார் கோபப்படவில்லை. திருவிழாப் பணம் சுவாமியுடைய பணம், சர்க்கார் அதற்குக் காவல்காரன் மட்டும்தான் என்று விளக்கினாராம். “சாமிக்குக் குடுத்தது யாரு எஜமானே?” என்று இவர் கேட்டதும்தான் அந்த மனுஷனுக்கு முகம் மாறியிருக்கிறது. வீட்டுக்கு வந்து அதை எனக்கு நடித்துக் காட்டினார். நீ நடிக்கிறாயே, அது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்?

அந்த வருஷத் திருவிழாவில்தான் அது நடந்தது. உனக்கு நினைவில்லாமல் இருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். பொழுது சாய்கிற நேரம். குளத்தங்கரையில் நாம் மூன்று பேரும் நின்றோம். உள்ளே எவரோ பாடிக்கொண்டிருந்தார். நீ அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு, பாடுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாய். பாட்டுக்கு முகம் எதற்கு என்று நான் அதட்டினேன். அப்பா, “பிள்ளைக்கு மொகத்தைக் காட்டிட்டு வந்திருதேன், ஒரு நிமிசம்” என்றார். மடியில் கரம் கெட்டின ரசீதைச் செருகியிருந்தார், யாராவது கேட்டால் காட்டலாம் என்று. கல்லைத் தாண்டி, வீதி முக்கு வரைக்கும் போனார். உன்னை முதலில் கீழே இறக்கிவிட்டார்கள், அதைச் சொல்ல வேண்டும். மேலத்தெருப் பெரிய வீட்டுக்காரரே உன்னைத் தூக்கி இறக்கினார், பிறகு அடித்தார், பிறகு அவர் ஆட்கள் அடித்தார்கள். சர்க்கார் ரசீது மடியில் இருந்தது, அடி முதுகில் விழுந்தது. வலது கை முழங்கையோடு போயிற்று. பனை ஏறுகிறவனுக்கு அந்தக் கை போனால் என்ன மிச்சம்? அதற்குப் பிறகு நான் நூலில் ரேந்தைப் பூவேலை பின்னியும், அடுத்தவர்கள் இறக்கிய அக்கானியைக் கருப்பட்டியாகக் காய்ச்சியும் நாள் ஓட்டினோம். அப்பா காய்ச்சலில்தான் செத்தார் என்று ஊர் சொல்லும். அவர் அதற்கு வெகுநாள் முன்பே பேச்சை நிறுத்திவிட்டார் என்று எனக்கும் உனக்கும் தெரியும்.

நோட்டீஸைப் பார்த்த பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. உன்னை நேரில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று சுயம்பு வண்டியிலேயே நாகர்கோவிலுக்கு வந்தேன். ஆமாம், வந்தேன். பகல் ஆட்டத்துக்குத் தரை டிக்கெட் எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். உன்னை மேடையில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நீ வந்து நின்றதும் பக்கத்தில் இருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். குரல் நன்றாக இருக்கிறது. மேலே போகும்போது கொஞ்சம் மூக்கால் பாடுகிறாய், அதைக் குறைத்துக்கொள். மோர் குடிக்காதே, சுக்கும் கருப்பட்டியும் போட்டு வெந்நீர் குடி. புருஷன் போரில் விழுந்தான் என்று சேதி வருகிற இடத்தில் நீ அழுதாயே, இடது கையை விரித்துத் தரையில் தட்டித் தட்டி, சத்தமே வராமல் வாயைத் திறந்துகொண்டு. கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்தியது. எனக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. அப்பாவைக் கட்டிலில் போட்டுக் கொண்டுவந்த அன்று நான் அழுத அழுகை அது. வாசல்படியில் நின்று நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் அழுகையை எடுத்துக்கொண்டு போய் டிக்கெட் போட்டு விற்கிறாயே களவாணிப் பயலே என்று நினைத்தேன். எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது, எது முதலில் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் பின்பக்கம் வந்து உன்னைப் பார்க்கத்தான் எழுந்தேன். அப்போதுதான் முன்வரிசை நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். நம் கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஸ்ரீகாரியக்காரர். அவர் பக்கத்தில் மேலத்தெருப் பெரிய வீட்டுக்காரர். மயிர் நரைத்திருக்கிறது, உடம்பு தளரவில்லை. திருவிழா ஆட்டத்துக்குப் பேசி முடிக்க வந்திருக்கிறார்கள். நீ வேஷம் கலைக்காமலே வந்து அவர்களைக் கும்பிட்டாய். பெரிய வீட்டுக்காரர் உன் தலையில் கைவைத்து, நல்லா வருவே என்று வாழ்த்தினார். அந்தக் கையை நீ மறந்திருக்க மாட்டாய். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். உன் பக்கத்தில் நான் வந்து நின்றால், அந்த வெளிச்சத்தில் இரண்டு முகத்தையும் பார்க்கிறவன் குருடனாக இருந்தால்தான் தப்பிக்கலாம். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போய்விட்டேன். பெற்ற பிள்ளையை இவ்வளவு கிட்டே பார்த்துவிட்டுத் தொடாமல் திரும்பி வந்தேன்.

பிறகு அவனை உன்னிடம் அனுப்பினேன். நீ சொல்லிவிட்ட பதிலை அவன் ஒரு வார்த்தை விடாமல் வந்து சொன்னான். “நம்ம அப்பாவை அடிச்ச முக்குலேருந்து கூப்பிடு தூரத்துல எனக்குச் சந்தனம் பூசப் போறாவ மாமா. அதைப் பூசிக்கிட்டு அவுங்க முன்னால பாடாம நான் சாக மாட்டேன். அம்மைட்ட சொல்லு.” இப்படிச் சொன்னாயாமே. இன்னொன்றும் சொன்னாயாம், சர்க்கார் கூப்பிட்டு வருகிற ஆளை எவன் தொடுவான் என்று. உன் அப்பாவும் அப்படித்தான் ரசீதை மடியில் வைத்துக்கொண்டு போனார். சர்க்கார் திருவனந்தபுரத்தில் இருக்கிறது மக்கா. அதிகாரி முதல் நாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மாலை வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடுவார். மிச்சத் திருவிழாவை நடத்துகிறவர்கள் மேலத்தெருக்காரர்கள்.

உன் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. அவர்கள் கையால் சந்தனம் வாங்கி, அவர்கள் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு, இவன் யார் என்று தெரியாமலே அவர்களை அழவைத்துவிட்டுப் போக வேண்டும். மனதுக்குள் சிரித்துக்கொண்டே போக வேண்டும். கேட்கும்போது எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ ஒன்றை யோசிக்கவில்லை. நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும், குளத்தங்கரை வரைக்கும் கேட்குமே. சர்க்கார் படியில் ஆட வருகிறவனை நேராக மேடையில் ஏற்ற மாட்டார்கள். உள்ளே கூட்டிப்போய்க் கொடிமரத்தடியில் நிறுத்தி, இன்ன ஊர், இன்னார் மகன், இன்னான் என்று அவன் வாயாலேயே உரக்கச் சொல்ல வைத்து, அதன் பிறகுதான் சந்தனமும் மாலையும். அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கொடுத்து வைத்த தகப்பன் என்பார், யாரென்றே தெரியாத தகப்பன்களை. நீ அங்கே நின்று யார் மகன் என்று சொல்லுவாய்? மதுரைப் பக்கத்தில் எவனோ ஒருவன் பேரைச் சொல்லுவாய். அடித்தவன் முன்னால் நின்று, அடிபட்டவன் என் அப்பன் இல்லை என்று சொல்லிவிட்டுச் சந்தனம் வாங்குவாய். இதில் யாரை நீ ஜெயித்தாய்? எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கினால் சுயம்புவிடம் சொல்லியனுப்பு.

சரி, அதையும் விடு. மானம் பெரிதென்று நினைக்கிறவள் இல்லை நான். உயிர் இருந்தால் போதும் என்று நினைக்கிறவள். நம் சாதியில் ஒருவன் கொடிமரம் வரைக்கும் வந்துவிட்டான் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார். நடையைச் சாத்துவார்கள், திருவிழா நின்றுபோகும், கோயிலைக் கழுவிச் சாந்தி செய்ய வேண்டும் என்பார்கள். சர்க்கார் விழாவைக் கெடுத்தவன் என்று உன் மேல் கேசும் வரும், கேசு வருவதற்கு முன்னால் கம்பு வரும். அதோடு நிற்காது. இங்கே நம் தெருவில் எல்லாம் ஓலைக் கூரை. நாம் கும்பிடுகிற நிழல்தாங்கலும் ஓலைதான். உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளைகள் அதற்குள் தூங்குகின்றன. சுயம்புவுக்குப் போன மாதம்தான் பேத்தி பிறந்திருக்கிறாள். நீ பாட்டுப் பாடிச் சந்தோஷப்பட்டதற்கு அவள் என்ன செய்தாள்?

தெரியாது என்கிறாய். எப்படித் தெரியாமல் போகும்? நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ரேந்தை வாங்குகிற மிஷன் மதாமை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறேன். வெயில் தாங்காமல் முந்தானையைக் கொஞ்சம் விலக்கினேன். எதிரே கோயில் ஓலைக்காரன், யானைக்கு ஓலை கொண்டுபோகிறவன், வண்டியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். “ஒன்னை எங்கயோ பாத்திருக்கேனே, எங்கன்னு தெரியலியே” என்றான். சந்தையில் பார்த்திருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் வண்டி நகர்கிற சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. அவன் கோயிலுக்குப் போய், மதிலில் ஒட்டியிருக்கிற நோட்டீஸ் முன்னால் நின்றால் ஞாபகம் வந்துவிடும். இன்றைக்கு வந்திருக்காது, ஐந்தாம் திருவிழாவுக்குள் வராது என்று உன்னால் சொல்ல முடியுமா?

ஊரை விட்டுப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். திற்பரப்பில் என் அண்ணன் வீட்டில் போய் இருந்துகொண்டால், பக்கத்தில் வைத்துப் பார்க்க என் முகம் இங்கே இருக்காது. துணி மூட்டைகூடக் கட்டினேன். பிறகு, நான் அங்கே அருவிச் சத்தத்தில் உட்கார்ந்திருக்கும்போது உன்னை இங்கே பிடித்துவிட்டால், எனக்குச் சேதி வந்து நான் நடந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்குமே என்று தோன்றியது. மூட்டையை அவிழ்த்துவிட்டேன். முகத்தில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டால் என்ன என்று அக்கானி கொதிக்கும்போது ஒரு நிமிஷம் யோசித்தேன். பயப்படாதே, செய்ய மாட்டேன். இந்த அளவுக்குப் போய்விட்டது என் புத்தி என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

நீ செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல். கம்பெனியில் ஸ்திரீ பார்ட்டுக்கு இன்னொரு பையன் இருக்கிறான் என்று சுயம்பு சொன்னான், அவன் ஒரு நாள் ராணியாக இருந்தால் குடி முழுகிப் போகாது. மேனேஜர் கத்துவான், சர்க்கார் ஆட்டத்தைக் கெடுத்தாய் என்பான், வேலையை விட்டு அனுப்பினாலும் அனுப்புவான். அனுப்பட்டும். வேறு கம்பெனி கிடைக்கும், கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வா, மீசை வளர்ந்த பிறகு. நம் நிழல்தாங்கல் முற்றத்தில் பாடு. சர்க்கார் படி கிடையாது, கஞ்சியும் துவையலும் கிடைக்கும். கொட்டகை கிடையாது, வெட்டவெளி. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், மிக்கேலம்மாள் மீன் கூடையோடு வந்து உட்காருவாள். அங்கே நின்று இன்னார் மகன் நான் என்று தொண்டை கிழியச் சொல். அப்பாவுக்குக் கேட்கும் என்று நான் நம்புகிறவள். உனக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, எனக்காகச் சொல்லு.

காலம் மாறுகிறது என்று சுயம்பு சொல்கிறான். வடக்கே கோயில் தெருவில் நடக்க விடுங்கள் என்று ஆட்கள் வெயிலில் உட்கார்ந்து அடி வாங்கினார்களாம், இன்னும் சில வருஷத்தில் எல்லாக் கோயிலையும் திறந்துவிடுவார்கள் என்று பேச்சாம். திறக்கட்டும். அன்றைக்கு உன் சொந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு போய் நில், நானும் வந்து முன்வரிசையில் உட்காருகிறேன். அது வரைக்கும் நீ உயிரோடு இருக்க வேண்டாமா? இவ்வளவு நாள் பொறுத்தோம். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் என்ன? உனக்குப் பொறுமை கிடையாது, அப்பா மாதிரியேதான். முகம்தான் என்னுடையது.

இதற்கு மேலும் நீ வந்தால் என்ன நடக்கும் என்று நான் நினைத்து வைத்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் வந்ததும் முதலில் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். உன்னைப் பிடித்து வைத்திருக்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, இவன் நீ பெற்றவனா என்று கேட்பார்கள். நான் இல்லை என்று சொல்லுவேன். இந்த ஆளை நான் கண்டதே இல்லை, எனக்குப் பிள்ளை கிடையாது என்று சொல்லுவேன். அடுப்பு முன்னால் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன் மக்கா. முதலில் வாய் எழவில்லை. இப்போது குரல் நடுங்காமல் வருகிறது, நீ மட்டும்தான் நடிப்பாய் என்று நினைத்துக்கொள்ளாதே. முகம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று கேட்டால், உலகத்தில் ஒரே மாதிரி முகம் எத்தனையோ இருக்கிறது என்று சொல்லுவேன். அவர்கள் என்னை அடித்தாலும் அதையேதான் சொல்லுவேன்.

ஆனால் உன்னை அடிப்பார்கள். அடி விழுந்ததும் நீ எம்மா என்று கத்துவாய். சின்னதிலிருந்து உனக்கு அதுதான் வழக்கம், முள் குத்தினாலும் எம்மாதான். நீ அப்படிக் கத்தினால் நான் “என்ன மக்கா” என்று கேட்டுவிடுவேன். அதைக் கேட்காமல் இருக்க எனக்குப் பழகவில்லை. வராதே.